ரெக்கார்ட் நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னிடம் இரண்டு நிபந்தனை போட்டார். "உன் தொழிலைப் பற்றிப் பேசணும். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்கணும்." இரண்டுக்கும் சம்மதித்துத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

ஆலைகளில் தண்ணீர், மின்சாரம், எரிபொருள் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. அந்தக் கணக்கெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட். தமிழில் நிலைத்தன்மை அறிக்கை என்கிறார்கள். நிறுவனம் எவ்வளவு தண்ணீர் எடுத்தது, எவ்வளவு புகை விட்டது, எத்தனை தொழிலாளிக்கு அடிபட்டது, எத்தனை புகார் வந்தது என்று ஊருக்குச் சொல்லும் அறிக்கை. நம் நாட்டில் இதற்கு ஒரு படிவத்தை 2021-இல் செபி கொண்டு வந்தது. பி.ஆர்.எஸ்.ஆர். என்று அதற்குப் பெயர். 2022-23 முதல், பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கும் நிறுவனங்கள் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும்.

சரி, வெளியிடுகிறார்கள். யார் படிக்கிறார்கள்? அறிக்கையைத் தயாரிக்கும் நண்பர் ஒருவரே என்னிடம் கேட்டார்: "இதையெல்லாம் யார் சார் படிக்கிறாங்க?" இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நம் கல்லூரி லேபை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு நோட்டு. அப்சர்வேஷன் நோட்டில் அடித்தல் திருத்தல், எண்ணெய்க் கறை, உண்மையான ரீடிங் எல்லாம் இருக்கும். ரெக்கார்ட் நோட்டில் அழகான கையெழுத்து, வழவழவென்று கர்வ். முதலில் கர்வை வரைந்துவிட்டு, பிறகு அதற்குப் பொருத்தமாக ரீடிங் எழுதும் திறமைசாலிகள் சில பேர் இருந்ததாகக் கேள்வி. (சிரிப்பு) நம் பேட்சில் அப்படி யாரும் கிடையாது.

நிறுவனத்தின் அறிக்கை, ரெக்கார்ட் நோட்டு. அதன் அப்சர்வேஷன் நோட்டு ஆலையில், மீட்டர் பக்கத்தில், லாக் ஷீட்டில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப் போகிறதா என்று கேட்க வெளியே ஓர் ஆள் வேண்டும். அவருக்கு அந்த நிறுவனத்திடம் சம்பளமும் இருக்கக் கூடாது, பகையும் இருக்கக் கூடாது. அவரைத்தான் நான் சுயேச்சையான வாசகர் என்கிறேன்.

இப்படி ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் கதை போதும். 2015 செப்டம்பரில் டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அந்த நிறுவனத்தைக் கார்த் தொழிலிலேயே முதலிடத்தில் வைத்தது. அதே மாதம் 18-ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் மேல் நோட்டீஸ் விட்டது. டீசல் கார்களில் ஒரு மென்பொருள். பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் புகையைக் கட்டுப்படுத்தும். சாலையில் ஓடும்போது விட்டுவிடும். நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை வந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள். அடுத்த மாதமே அந்தக் குறியீட்டிலிருந்து பெயரை நீக்கினார்கள்.

இதை வெளியே கொண்டு வந்தது யார் தெரியுமா? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. நம் நாட்டிலிருந்து படிக்கப் போன ஆராய்ச்சியாளர்களும் அதில் இருந்தார்கள். 2013-இல் மூன்று டீசல் கார்களில் புகை அளக்கும் கருவியைக் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டினார்கள். ஒன்றை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டிப் போனார்கள். யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. லேபில் வரும் கணக்கு ரோட்டிலும் வருகிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதைக் கருவி வைத்து நிரூபித்துவிட்டார்கள்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் பென்சில் இருக்கிறது. ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் நான்கு கேள்வி கேட்பேன்.

முதல் கேள்வி: எல்லை எது? கணக்கு தாய் நிறுவனத்துக்கு மட்டுமா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா? வெளியே ஜாப் ஒர்க் கொடுத்த வேலை உள்ளே வருகிறதா? துணிக்குச் சாயம் போடுவதை வெளியே கொடுத்துவிட்டால் அந்த நிறுவனத்தின் தண்ணீர்க் கணக்கு ஒரே வருடத்தில் சுத்தமாகிவிடும். சாயத் தண்ணீர் மட்டும் ஆற்றில் போய்க்கொண்டே இருக்கும். திருப்பூர் நொய்யலில் நாம் பார்க்காததா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூடச் சொன்னதே, அந்தத் தண்ணீர் எத்தனை பெரிய பிராண்டுகளின் அறிக்கையில் ஏறியிருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதே இல்லை; பக்கத்து வீட்டு இலையில் போட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது: எதால் வகுத்தார்கள்? ஓர் ஆலை வருடம் ஒரு லட்சம் கிலோ லிட்டர் தண்ணீர் எடுக்கிறது, விற்பனை 100 கோடி ரூபாய் என்று வையுங்கள். கோடிக்கு 1000 கிலோ லிட்டர். மறு வருடம் அதே சரக்கு, அதே தண்ணீர். விலையை மட்டும் 10 சதவிகிதம் ஏற்றுகிறார்கள். விற்பனை 110 கோடி. இப்போது கோடிக்கு 909 கிலோ லிட்டர். "தண்ணீர்ப் பயன்பாட்டுத் தீவிரம் 9 சதவிகிதம் குறைந்தது" என்று அறிக்கையில் பச்சை எழுத்தில் வரும். ஒரு டம்ளர் தண்ணீர் கூட மிச்சமாகவில்லை! செபி 2023-இல் படிவத்தைத் திருத்தியபோது, உற்பத்தி அளவால் வகுத்த கணக்குக்கும் இடம் வைத்தது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது: எந்த வருடத்தோடு ஒப்பிட்டார்கள்? 2020-21-இல் ஊரடங்கால் பல ஆலைகள் பாதி நாள் ஓடவில்லை. அந்த வருடம் புகை குறைந்தது யாருடைய சாதனையும் அல்ல. மூன்று நான்கு வருட அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை புரியும். போன வருடம் இருந்த ஒரு வரி இந்த வருடம் காணாமல் போயிருந்தால், அங்கே ஒரு வட்டம் போடுங்கள்.

நான்காவது கேள்வி பொறியாளர் கேட்க வேண்டியது: அளந்தார்களா, மதிப்பிட்டார்களா? போர்வெல்லில் ஃப்ளோ மீட்டர் இருந்தால் அது அளவு. பம்ப் ஓடிய மணி நேரத்தை நேம் பிளேட்டில் எழுதியிருக்கும் எண்ணால் பெருக்கினால் அது மதிப்பீடு. லாரித் தண்ணீர் வாங்கினால் அது அந்த மீட்டரிலும் வராது, பம்ப் கணக்கிலும் வராது. மதிப்பீடு செய்வது பாவமில்லை. மதிப்பீடு என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு.

"வெளியார் சான்றிதழ் இருக்கிறதே, அப்புறம் நாம் எதற்கு?" என்று கேட்கலாம். சான்றிதழ் நல்லதுதான். ஆனால் சரிபார்ப்பவருக்குக் கட்டணம் கொடுப்பது அந்த நிறுவனமே. எந்தெந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்களோ அதைத்தான் அவர் பார்ப்பார். வாசகர்தான் முழுப் பக்கத்தையும் பார்க்கிறார். 2022-இல் நியூகிளைமேட் என்ற ஜெர்மன் ஆய்வு நிறுவனம் 25 பெரிய நிறுவனங்களின் வாக்குறுதிகளைப் படித்தது. நிகரப் பூஜ்யம் என்ற தலைப்புக்குக் கீழே அவர்கள் உறுதியாகக் குறைப்பது சராசரியாக 40 சதவிகிதம்தான் என்று கணக்குக் காட்டியது. படித்ததெல்லாம் அந்த நிறுவனங்களே வெளியிட்ட காகிதங்களை!

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒழுங்காக எழுதும் நிறுவனங்களும் இருக்கின்றன. "இந்த வருடம் இலக்கைத் தொடவில்லை, காரணம் இது" என்று எழுதும் நிறுவனத்தை நாம் பாராட்ட வேண்டும். அவரைப் பிடித்து உலுக்கிவிட்டு, எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டவருக்கு மாலை போட்டால், அடுத்த வருடம் எல்லோருமே பூஜ்யம் போடக் கற்றுக்கொள்வார்கள். விபத்து பூஜ்யம், புகார் பூஜ்யம் என்று இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். புகார் இல்லையா, புகார் கொடுக்க வழி இல்லையா?

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்கள் அல்லவா? நம் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் மூன்று வருட அறிக்கையை எடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரம் கொடுக்க வேண்டும். அதையும் பக்கத்தில் வையுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; 10 ரூபாய்தான் கட்டணம். இரண்டு கணக்கும் இடிக்கும் இடத்தை மரியாதையாக ஒரு கடிதத்தில் கேளுங்கள். பழைய மாணவர்களில் பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் அந்த உரிமை உண்டு.

இன்னும் இரண்டு வருடத்தில் உங்களில் பலர் லாக் ஷீட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பீர்கள். ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில் 2017-இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை கொடுத்தது ஒரு பொறியாளருக்கு. நம்மைப் போல் மெஷின் பக்கத்தில் வேலை பார்த்த ஆள். "மேலே சொன்னாங்க, எழுதினேன்" என்ற பதில் அங்கே எடுபடவில்லை. யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால், எழுதுகிற கை ஒரு நிமிடம் நிற்கும். உள்ளே இருக்கும் நேர்மையான பொறியாளருக்கு, வெளியே இருக்கும் வாசகர்தான் துணை. "சார், போன வருஷம் இதைக் கேட்டாங்க" என்று மேலதிகாரியிடம் சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். அந்தக் காரணத்தை நாம் கொடுப்போம்.

சாம்பார் வாசனை வந்துவிட்டது. இரண்டாவது நிபந்தனையையும் காப்பாற்ற வேண்டும்.