நம் முகம் யார் கையில் இருக்கிறது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், படம் திரையிடுமுன் பேசியது)



இன்று நாம் பார்க்கப் போகும் படத்தில் கதாநாயகன் கிடையாது. சண்டை, டூயட், கடைசியில் சுபம் என்ற வரிசையும் கிடையாது. பத்து நிமிஷத்தில் "ஒன்றும் புரியவில்லையே" என்று சிலர் எழுந்துவிடக் கூடும். அப்படி எழுந்து போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் முன்கூட்டியே நாலு வார்த்தை பேசுகிறோம்.

படத்தின் பெயர் 'ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்'. 1986-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள், 1982-இல் 'பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ்' என்று சேர்ந்து நின்ற கறுப்பின இளைஞர்கள். கடல் கடந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். இயக்கியவர் ஜான் அகோம்ஃப்ரா, கானா நாட்டின் அக்ரா நகரில் பிறந்தவர்.

இவர்களுடைய பெற்றோர் தலைமுறை ஏன் அங்கே போனது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் இல்லை. பஸ் ஓட்ட ஆள் வேண்டும், ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும், ரயிலுக்குத் தொழிலாளி வேண்டும். 1956-இல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. கூப்பிட்டதால் போனார்கள். அவர்களின் முப்பாட்டன்மாரோ ஆப்பிரிக்காவிலிருந்து அந்தத் தீவுகளுக்கு விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஒரே வம்சத்துக்கு இரண்டு கடல் பயணம்!

1985 செப்டம்பரில் பர்மிங்காம் நகரத்து ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் கலவரம் வெடித்தது. வேலையில்லாத் திண்டாட்டம், போலீஸ் கெடுபிடி எல்லாம் சேர்ந்து வெடித்தது. தபால் நிலையம் நடத்திவந்த ஆசியச் சகோதரர்கள் இருவர் தீயில் மாண்டார்கள். அந்தக் கொடுமையை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய பத்திரிகையும் டெலிவிஷனும் என்ன காட்டின? எரியும் வண்டியையும் ஓடும் கறுப்புப் பையனையும் காட்டின. அந்தப் பையனின் தாய் எந்த ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்தாள் என்று கேட்டவர் உண்டா?

இந்த இளைஞர்கள் அதைத்தான் கேட்டார்கள். செய்திப்பட நிறுவனங்களின் பெட்டிகளில் கிடந்த பழைய படச்சுருள்களைத் தேடி எடுத்தார்கள். கப்பலை விட்டு இறங்குகிறவர்கள், கையில் பெட்டி, தலையில் தொப்பி, முகம் நிறைய நம்பிக்கை. அந்தக் காட்சியைக் கலவரத் தெருவின் பக்கத்தில் வைத்தார்கள். கல்யாணப் புகைப்படங்களை இருட்டில் நிறுத்தி, அவற்றின் நடுவே காமிராவை நகர்த்தினார்கள். இயந்திர இரைச்சலும் எதிரொலியுமாக ட்ரெவர் மாத்திசன் ஒலி அமைத்தார். 'இதுதான் காரணம்' என்று தீர்ப்புச் சொல்லும் ஒற்றைக் குரலை வைக்கவில்லை. சர்க்கார் தரப்பும் செய்தியாளர்களும் ஏற்கெனவே அந்தக் குரலில்தானே பேசிக்கொண்டிருந்தார்கள்!

படத்துக்கு எதிர்ப்பும் வந்தது. நம் பம்பாயில் பிறந்த சல்மான் ருஷ்டியே, மக்கள் தங்கள் கதையைச் சொல்ல இந்தப் படம் இடம் தரவில்லை என்று 1987-இல் 'கார்டியன்' பத்திரிகையில் குறை சொன்னார். ஜமைக்காவில் பிறந்த அறிஞர் ஸ்டூவர்ட் ஹால், புதிய மொழியைத் தேடுகிறவர்களின் முயற்சி இது என்று மறுத்து எழுதினார். நாம் இரண்டு பேரையும் கேட்போம். புதிய மொழியும் வேண்டும், நேரே சொல்லும் கதையும் வேண்டும்.

ஆனால் தோழர்களே, இது கலை விவாதத்தோடு முடிந்துபோன சங்கதி அல்ல. அந்தத் தலைமுறையில் பலர் சிறுவயதில் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே வந்தவர்கள். தனிக் காகிதம் கிடையாது. அவர்கள் வந்திறங்கியதற்குச் சாட்சியான ஆயிரக்கணக்கான அட்டைகளை உள்துறை 2010-இல் அழித்துவிட்டது என்ற உண்மை 2018-இல் வெளியே வந்தது. அதற்குள், நிரூபிக்க முடியாமல் வேலை இழந்தவர்கள் எத்தனை பேர்! வைத்தியம் மறுக்கப்பட்டார்கள். சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். பிறகுதான் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கூப்பிட்ட நாடே "நீ எப்போது வந்தாய்?" என்று கேட்டது.

அந்தக் கேள்வி நமக்குப் புதிதா? தாராவிக்குள்ளேயே இலவச வீடு வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொட்டியில் நின்று கால் வெந்த நம் தாத்தாக்கள் தேதி எழுதி வைத்தார்களா?

நம் சந்தில் ஒரு பாட்டி இருந்தார். எந்த வருஷம் வந்தீர்கள் என்றால், "தலைச்சன் வயிற்றில் ஏழு மாசம், ரயிலில் உட்கார இடமில்லை" என்பார். அவர் குரலைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். சங்கத் தேர்தல் வந்தது, தள்ளிப்போட்டோம். பாட்டி போய்விட்டார். இன்று பேரன் ஆதாரம் தேடி வருகிறான். நம் பழைய சந்தா நோட்டில் பாட்டியின் கைநாட்டு இருக்கிறது, வருஷம் எழுதவில்லை. இந்தக் குற்றத்தை எந்த சர்க்கார் தலையிலும் நாம் போட முடியாது.

குரல் பதிவை ஆபீசர் ஆதாரமாக எடுத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் எந்த ஆதாரத்தை எங்கே போய்த் தேடுவது என்பதை அந்தக் குரல்தான் சொல்லும். எந்தப் பட்டறை, எந்த ரேஷன் கடை, எந்தப் பள்ளிக்கூடம் என்று அது வழி காட்டும். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. நாளைக்கு ஒரு கலவரம் வந்து நம் பிள்ளை ஓடும் படத்தைப் பத்திரிகை போட்டால், அவன் பாட்டி ரயிலில் நின்றுகொண்டு வந்த கதையை எடுத்து வைக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஆகவே வரும் ஞாயிறு முதல் வீட்டுக்கு வீடு வருகிறோம். உங்கள் செல்போனே போதும். பழைய புகைப்படத்தை எடுத்து வையுங்கள். பெரியவர்களைப் பேச விடுங்கள், தாலாட்டுப் பாடினால் பாட விடுங்கள். பின்னால் தையல் மெஷின் ஓடினால் நிறுத்த வேண்டாம், அதுவும் நம் சரித்திரம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள்: பதிவின் தொடக்கத்தில் தேதியைச் சொல்லுங்கள்.

விளக்கை அணைக்கலாம்.