முத்துக்குளிப்போரும் காமன் பொட்டலும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாகக் கினிகத்தேனை மண்டபத்தில் ஓபரா படம் காட்டப் போகிறோம் என்றதும், எங்களில் பலர் சிரித்தோம். "இந்த மழையில், தகரக் கூரைக்குக் கீழே பிரெஞ்சுப் பாட்டா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனாலும் போனோம். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம்.

ஓபரா என்பது கதையைப் பாட்டாலேயே நடத்தும் நாடகம். நாங்கள் பார்த்தது ஜோர்ஜ் பிசேயின் 'முத்துக்குளிப்போர்'. 2016 ஜனவரியில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவின் மேடையிலிருந்து திரையரங்குகளுக்கு ஒளிபரப்பான படம். அந்த ஓபரா நிறுவனம் அதற்கு முன் அதை மேடையேற்றியது 1916இல், கரூசோ பாடியபோது.

அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் கதை நடப்பது நம் இலங்கையில். லைலா என்ற பெண் முகத்தை மூடிக்கொண்டு, கடலோரப் பாறையில் நின்று, கடலில் இறங்கியவர்களுக்கு ஆபத்து வராமல் இருக்கப் பாடுகிறாள். அவளை நாதிர், சுர்கா என்ற இரு நண்பர்கள் விரும்புகிறார்கள். பிரம்மாவையும் சிவனையும் கூப்பிடுகிற ஊரில் லைலா, நாதிர் என்று பெயர்கள்! முதலில் இதைப் பேசிச் சிரித்தோம். நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாடத் தொடங்கியதும் மண்டபம் அடங்கிப்போனது. கூரையில் மழை பெய்ததைக்கூட மறந்துவிட்டோம்.

படம் முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "இது இலங்கை என்றீர்களே, நம்ம ஆட்கள் எங்கே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறோம்.

இந்த ஓபரா பாரிஸில் முதன்முதலில் மேடையேறியது 1863 செப்டம்பர் 30ஆம் திகதி. பிசேக்கு அப்போது 24 வயது. அவர் இலங்கையைக் கண்டவர் அல்லர். உண்மையான முத்துக்குளிப்பு நடந்தது மன்னார்க் கடலில், சிலாவத்துறை, அரிப்புப் பக்கம். அந்தக் காலத்தில் அதே மன்னார்க் கரையில்தான் நம் முன்னோர் தோணியிலிருந்து இறங்கினார்கள். காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறினார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது அதற்கும் நாலு வருடம் கழித்து, 1867இல். பாரிஸ் மேடையில் அந்தக் கரை இருந்தது. அதில் நடந்தவர்கள் இல்லை.

அவர்களோ பாட்டைக் கையோடு கொண்டு வந்தார்கள். மாசி மாதத்தில் காமன் பொட்டலில் தப்பு முழங்க, விடிய விடிய நடக்கும் காமன் கூத்தை நம்மில் எத்தனை பேர் போர்வைக்குள் இருந்து பார்த்திருக்கிறோம்! மன்மதனைச் சிவன் எரித்ததும் ரதி அழுது பாடுவாள். வேடம் கட்டியவர் பகலில் கவ்வாத்து வெட்டிய மாமாவாக இருப்பார். ஆனாலும் பக்கத்தில் அம்மாயி கண்ணைத் துடைப்பார். அதுவும் பாட்டாலேயே நடக்கும் கதைதான். நம் ஓபராவை நாம் ஓபரா என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். பிசே 36 வயதில் இறந்த பிறகு, அவருடைய இசையைப் பிறர் மாற்றிவிட்டார்கள். 1863இல் அச்சான பாட்டுப் பிரதி ஒன்று இருந்தது. பின்னாளில் மூல வடிவத்தை மீட்க அது பெரிதும் உதவியது. நமக்கு அப்படி என்ன இருக்கிறது? சி.வி.வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தொகுத்தார்கள். ஆனால் நம் அப்பாயி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அவரவர் தொண்டையோடு போய்க்கொண்டிருக்கின்றன.

கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் தோழியரே, நூற்றாண்டுக்கு உங்களிடம் கேட்பது பணம் மட்டுமல்ல. அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது, வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். யார் பாடினார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். பாடசாலை நூலகத்தில் அதற்கென ஓர் இடம் கேட்போம்.

அந்தச் சிறுமிக்கு அடுத்த படத்தை அதே மண்டபத்தில் காட்ட வேண்டும். அதில் நம்ம ஆட்கள் இருக்க வேண்டும்.