நோன்பும் இரத்த அழுத்த மருந்தும்



நோன்பு நோற்பதற்கு உடலே கருவி. அதனைப் பழுதுபடாமல் காப்பதும் நோன்பின் ஒரு கூறேயாகும். இரவுண்ணாமை, ஒருவேளை உண்ணல், முழு உபவாசம் ஆகிய ஒழுக்கங்களைக் கைக்கொள்ளும் முதியோருள் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்வோர் பலர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

உணவின்றி இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறையும்போது உடல் வாளாவிருப்பதில்லை. அட்ரினலின் என்னும் சுரப்பு வெளிப்பட்டு, கல்லீரல் சேமித்துள்ள சர்க்கரையை விடுவிக்கத் தூண்டுகிறது. அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இவை உடல் தரும் எச்சரிக்கைகள்.

பீட்டா தடுப்பான்கள் எனப்படும் மருந்துகள் அட்ரினலினின் செயலையே தடுப்பவை. புரோப்ரனலால் கல்லீரலின் உதவியையும் குறைக்கவல்லது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் ஆகியவற்றில் அக்குறை சிறிதே. எனினும் படபடப்பை அவையும் மறைக்கும். வியர்வையை மட்டும் இம்மருந்துகள் மறைப்பதில்லை. ஆதலால் நோன்பு நாளில் காரணமின்றி வியர்த்தல், பேச்சுக் குழறல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றின், நோன்பின் களைப்பென்று வாளா இருத்தல் ஆகாது.

இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளோ உடன் கொள்வோர்க்கு இவ்விடர் மிகுதி. நீரிழிவு இல்லாதார்க்கு இஃது அரிது. எனினும் நெடிய உபவாசத்தில் நேரக்கூடும்.

சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், 15 கிராம் அளவு, அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுதல் வேண்டும். தேன் விலக்கியோர்க்கு இதுவே போதும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, குறைவாகவே இருப்பின் மறுமுறையும் பருகுக. நினைவிழந்தவர் வாயில் எதனையும் புகட்டாது மருத்துவமனைக்கு விரைக.

நோன்பு நாளென்று கருதி மருந்தைத் தாமே நிறுத்துதலும் தீது. பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேரலாம். விரதம் ஏற்பதற்குச் சில நாள் முன்னரே மருத்துவரிடம் விரதத்தின் முறையைக் கூறி, நீரிழிவு மருந்தின் அளவையும் வேளையையும் வகுத்துக்கொள்ளுதலே நெறி.

விரதம் முறியுமே என்று அஞ்சித் துன்பத்தை மறைக்கும் பெரியோர் உளர். இல்லத்தார் அவர்தம் முகத்தையும் பேச்சையும் கவனித்தல் கடன். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை அறமெனின், நோற்பவர்தம் உயிரும் அவ்வுயிர்களுள் ஒன்றேயன்றோ!