எல்லாம் சோத்தோங்தானா?

கிள்ளான் சந்தையானாலும் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையானாலும் நம்மவர்கள் மூன்று உயிரினங்களை ‘சோத்தோங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். பிரட்டலின் ருசியோடு போகிற விஷயமென்றால் பரவாயில்லை. உயிரோடு சம்பந்தப்பட்டதும் அதில் ஒன்று உண்டு.

மெலிந்து நீண்டிருப்பது ஊசிக் கணவாய். மலாயில் சோத்தோங் தோராக். அகன்று தட்டையாக இருப்பது ஓட்டுக் கணவாய்; அதுதான் சோத்தோங் காத்தாக், அதாவது தவளைச் சோத்தோங். மூன்றாவது குரித்தா. தமிழக மீனவர்களுக்கு அது பேய்க் கணவாய்.

கைகளை எண்ணினால் குரித்தாவுக்கு எட்டு, மற்ற இரண்டுக்கும் பத்து. அந்தப் பத்தில் இரண்டு, இரை பிடிக்கும் நீண்ட கைகள். ஓட்டுக் கணவாயோ அவ்விரண்டையும் கண்ணருகே உள்ள பைக்குள் இழுத்துக்கொள்ளும். அவசரத்தில் எண்ணுபவருக்கு எட்டுதான் தெரியும்! ஆகவே முதுகை அழுத்திப் பாருங்கள். சுண்ணாம்பு போன்ற வெள்ளை ஓடு தட்டுப்பட்டால் ஓட்டுக் கணவாய். கிளி வளர்ப்போர் கூண்டில் செருகிவைக்கும் கடல்நுரை இந்த ஓடுதான். ஊசிக் கணவாய்க்குள் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தகடு இருக்கும். குரித்தாவுக்கு ஓடுமில்லை, தகடுமில்லை; சந்தைக்கு வரும் குரித்தாவுக்குத் துடுப்பும் கிடையாது.

துடுப்பை மட்டும் நம்பினால் சோத்தோங் மெங்காபாங் ஏமாற்றிவிடும். உடல் நெடுக இருபுறமும் துடுப்பு இருப்பதால் ஓட்டுக் கணவாய் போலவே தோன்றும். உள்ளே விரலை விட்டால் தகடுதான்.

வெட்டிய துண்டுகளை வாங்குவோர் கைகளிலுள்ள உறிஞ்சிகளைத் தடவிப் பார்க்கலாம். கணவாய்களின் உறிஞ்சியில் கெட்டியான வளையம் இருக்கும். குரித்தாவினுடையது வெறும் தசை, வழுவழுப்பாக இருக்கும்.

உயிரோடு சம்பந்தப்பட்டது குரித்தா இனத்தில்தான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஆழமில்லாத இடங்களில் வாழும் நீல வளையக் குரித்தா, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் நஞ்சு, பேத்தை மீனான இக்கான் புந்தாலில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சீண்டினால்தான் வளையங்கள் பளீரென்று மின்னும். செத்துக் கிடக்கும்போது மங்கித் தெரியலாம். எனவே சிறிய குரித்தாக்களை வாங்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். வளையம் போல ஏதும் தென்பட்டால் வேண்டாம். கடற்கரைக் குட்டைகளில் பிள்ளைகள் அதைக் கையில் எடுக்கவும் விடாதீர்கள். அதன் கடியே வலிக்காமல் போகலாம்.

உதடும் நாக்கும் மரத்துப்போனால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழக்கும்முன் மருத்துவமனையை அடைந்து செயற்கை சுவாசம் பெற்றவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.