மக்கோனா ஆற்றின் இரு கரைகள்



மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, சியரா லியோன், லைபீரியா என்னும் மூன்று நாடுகள் கூடுகிற மூலையில் கிஸ்ஸி ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்கள் நிலத்தின் குறுக்கே யாரோ கோடு போட்டார்கள். ஆனாலும் அக்கரையில் இருப்பவர் அவர்களுக்கு அந்நியர் அல்ல. பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர். மக்கோனா ஆற்றைத் தோணியில் கடந்து சந்தைக்குப் போவார்கள், வைத்தியத்துக்குப் போவார்கள், துக்கவீட்டுக்கும் போவார்கள்.

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கிறது. எக்கோவாஸ் என்னும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, உறுப்பு நாட்டார் பயணப் பத்திரமும் சுகாதாரச் சான்றிதழும் காட்டினால், பக்கத்து நாட்டில் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். சாவடியில் சிப்பாய் கை நீட்டுவதும் உண்டு. அதைச் சொல்ல நான் வரவில்லை.

2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டு என்ற சிற்றூரில் ஒரு குழந்தை இறந்தது. நோய் எபோலா என்று அறிய 2014 மார்ச் ஆயிற்று. அதற்குள் அது எல்லை தாண்டிவிட்டது. அதே மார்ச்சில் லைபீரியாவின் ஃபோயாவில் கண்டார்கள். சியரா லியோனின் கைலாஹுன் மாவட்டத்தில், கினியிலிருந்து வந்த நோயாளிகளைப் பார்த்த ஒரு நாட்டு வைத்தியர் இறந்தார். அந்த அடக்கத்துக்குக் கூடியவர்களில் பலருக்கு நோய் தொற்றியது. உடலைத் தொட்டுக் கழுவுவது அங்கே கடைசி மரியாதை. மரணப் படுக்கைகளின் அருகே பல ஆண்டுகள் நின்ற எனக்கு, அதை அறியாமை என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

ஜூனில் சியரா லியோனும் ஜூலையில் லைபீரியாவும் எல்லைகளை அடைத்தன. காட்டுப் பாதைகளையும் ஆற்றுத் துறைகளையும் யாரால் அடைக்க முடியும்? சாவடி வழியே வருகிறவருக்குக் காய்ச்சல் உண்டா என்று பார்க்கலாம். இருளில் கடந்தவரை யார் கண்டது? மூன்று நாடுகளிலும் 11,300 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 500க்கு மேற்பட்டோர் நோயாளிகளைக் கவனித்த மருத்துவப் பணியாளர்கள்.

பூட்டைவிட அதிகம் உதவியது, என் எண்ணத்தில், அடக்க முறையில் வந்த மாற்றமே. முதலில் உடலைப் பையில் கட்டி வீட்டாருக்குச் சொல்லாமலே கொண்டுபோனார்கள்; ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். பிறகு உறவினர் சற்றுத் தள்ளி நின்று பார்க்கவும், போதகரோ இமாமோ ஜெபிக்கவும் அனுமதித்து, பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் அடக்கம்செய்தார்கள். 2015 பிப்ரவரியில் லைபீரியா தன் எல்லைகளை மீண்டும் திறந்தது.