இன்னொரு பட்டம் எதற்கு?



மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் போனால் வழியெல்லாம் இயந்திரங்கள்தான். வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். போதாததற்கு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கித் தருவதற்காக 2010-இல் திறக்கப்பட்ட நிலையம் வேறு. இவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஒரு பிள்ளை, பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த கையோடு, "அடுத்து பி.இ. படிக்கட்டுமா?" என்று கேட்டால் அதில் வியப்பு ஒன்றுமில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது. இன்னும் மூன்று வருஷமா என்று அப்பா யோசிப்பார். அம்மாவின் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலியைத் தொடும்.

இந்தப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் அப்துல் கலாம் பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லட்டும், பொருத்தமான பெயர்தான். ராமேசுவரத்தில் படகு வைத்துப் பிழைத்தவரின் மகன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் பட்டம் வாங்கும் வேளையில், தமக்கு ஏற்ற துறை பொறியியல்தான் என்று அவருக்குப் புரிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய தொகை ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அக்கா சொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதுவரை எல்லாரும் சொல்வார்கள்.

எம்.ஐ.டி. எப்படிப்பட்ட இடம் என்பதை யாரும் சொல்வதில்லை. 1949-இல் சி. ராஜம் தம் சொத்தை விற்றுத் தொடங்கிய அந்த நிறுவனம், பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து மூன்றே ஆண்டில் பொறியாளராக்குவதற்கென்றே அமைந்தது. அங்கே இரண்டாவது படிப்புதான் வழக்கமான படிப்பு. எழுத்தாளர் சுஜாதாவும் செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்துவிட்டு அதே எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர்தான். கலாமுக்கு விமானம் வேண்டியிருந்தது. இயற்பியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் வடிவமைக்கப் போக முடியாது. போக வேண்டிய இடமும் தெரிந்திருந்தது, அதற்கான வாசலும் ஒன்றுதான் இருந்தது. அக்காவின் நகை அடகுக்குப் போனதில் அர்த்தம் இருந்தது.

உங்கள் கதையில் அப்படி ஒரு வாசல் இருக்கிறதா? அரசுத் துறையில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டுமென்றால், இருக்கிறது. அதற்குப் பி.இ. வேண்டும், அதுவும் உரிய பிரிவில் வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி, கலந்தாய்வு வழியாகப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதலாம் ஆண்டில் விட்டுப்போன பொறியியல் வரைபடம், பொறியியல் இயக்கவியல் போன்ற தாள்களைச் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். முதல் பட்டதாரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அது பட்டதாரியே இல்லாத வீட்டுக்கு உரியது. உங்கள் வீட்டில் இப்போது நீங்களே பட்டதாரி.

கணினி வேலைதான் ஆசை என்றால் பி.இ.யைத் தேடிப் போக வேண்டாம் என்பேன். எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் டேட்டா சயின்ஸ் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணக் குறைப்பும் உண்டு. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். ஏற்கெனவே மெக்கானிக்கலில் பி.இ. முடித்தவர் எலெக்ட்ரிக்கலில் இன்னொரு பி.இ. படிக்கப் போவதாகச் சொல்லும்போது எனக்குத் திக்கென்றிருக்கிறது. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.இ. சேர்ந்தால், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரமுள்ள கல்லூரிகளில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு வழியிருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கைக்காசைக் கொட்டிப் பின்னால் போவானேன்?

துறைமுகத்திலோ மின் நிலையத்திலோ காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள் சேரும் முன் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். உங்கள் பிரிவில் மேலே போனவர்கள் எதைக் காட்டிப் போனார்கள்? பட்டத்தையா, அனுபவத்தையா, ஒரு பாதுகாப்புச் சான்றிதழையா? பட்டம் என்று பதில் வந்தால் படியுங்கள். சான்றிதழ் என்று வந்தால், சில மாதத்தில் முடிகிற வேலைக்கு மூன்று வருஷச் சம்பளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக வீட்டு விஷயம். பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. ஒருவருடைய முறை முடிந்தால் அடுத்தவர் இறங்குவார். வீட்டுப் படிப்புச் செலவுக்கும் அப்படி ஒரு பாடு உண்டு. உங்கள் முறை ஒரு தடவை வந்துபோய்விட்டது. தங்கை இப்போது பிளஸ் டூ என்றால் அடுத்த முறை அவளுடையது. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால், 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைக்கும்போது கட்டணத்தை அரசே கட்டும். முதலில் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.

உங்களுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் விரும்பும் வேலைக்கான அறிவிப்பு ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் கல்வித் தகுதி என்று போட்டிருக்கும் வரியை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒரு தடவை உரக்கப் படியுங்கள். பி.இ. என்று அங்கே எழுதியிருந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.