ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை உரத் தொழிற்சாலை அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார். அமோனியா பிரிவில் பத்து வருஷமாக இருக்கிறேன். கம்ப்ரஸரைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம், நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இந்த அரங்கில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு ஊரில் நாலு மா, ஐந்து மா என்று நிலம் இருக்கிறது. எங்களைப் பொறுத்தவரை மூட்டை லாரியில் ஏறியதோடு கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் வயலில் அந்த மூட்டைக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று சொல்ல நினைக்கிறேன்.

கெமிக்கல் பிரிவுத் தம்பிகளுக்கு மெட்டீரியல் பேலன்ஸ் பாடம் நினைவிருக்கும். உள்ளே போனது, வெளியே வந்தது, நடுவில் தங்கியது. இதை ஒரு ஏக்கர் குறுவைக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை விளைந்தால் 2.4 டன் நெல். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்துப் பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுக்கும். ஆக சுமார் 40 கிலோ. காவிரி டெல்டாவில் குறுகிய காலப் பயிருக்குச் சொல்லப்படும் அளவு ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 21 கிலோ. இரண்டேகால் மூட்டை சொச்சம். ஏட்டில் கணக்கு நேராகிவிட்டது.

வயலில் நேராகாது. நெல் வயலில் நாம் வழக்கமாக வீசும் யூரியாவில் பயிருக்குள் போவது பெரும்பாலும் 30, 40 சதவீதம்தான். அப்படியென்றால் 14 முதல் 19 கிலோ. மிச்சம் 20 கிலோவுக்கு மேல் பயிருக்கு யார் கொடுத்தது? மண். மண்ணில் கிடக்கும் மக்கு மெல்ல மெல்லச் சிதைந்து கொடுத்தது. உரம் போட்ட வயலிலும் பயிர் தின்பதில் பாதிக்கு மேல் மண்ணின் பழைய சேமிப்புதான். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சரி, போட்டதில் பாதிக்கு மேல் எங்கே போச்சு? நெல் வயல் ஒரு விசித்திரமான ரியாக்டர். தண்ணீர் கட்டினால் ஓரிரு நாளில் சேற்றிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மேலே சில மில்லிமீட்டர் மண்ணில் மட்டும் தண்ணீர் வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும். கீழே காற்றில்லாத கறுப்புச் சேறு. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் சில நாளிலேயே அது அம்மோனியமாகிவிடும். பகலில் வெயில் ஏற ஏற, தண்ணீரிலிருக்கும் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, தண்ணீரின் பி.ஹெச். 9-க்கு மேல்கூடப் போகும். அந்தக் காரத்தில் அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். தப்பித்தது மேல்மண்ணில் நைட்ரேட்டாகிறது. அது கீழே காற்றில்லாத சேற்றுக்கு இறங்கினால், அங்கிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நாங்கள் நூற்றைம்பது, இருநூறு மடங்கு அழுத்தத்தில், 450 டிகிரி சூட்டில் காற்றிலிருந்து கஷ்டப்பட்டுப் பிடித்ததை, ஒரு பைசா செலவில்லாமல் அவிழ்த்து விடுகிறது!

இதனால்தான் பழைய ஆட்கள் தண்ணீரை வடித்து, சேறும் ஈரமுமாக இருக்கும்போது உரம் போட்டு, பிறகு தண்ணீர் கட்டினார்கள். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு நாள் வைத்துப் போடுவதும் இதற்காகத்தான். வேம்பு, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவைக் கொஞ்சம் மந்தமாக்கும். உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் உத்தரவானது. அதனால் கசிவு குறையுமே தவிர அடைபடாது.

எங்கள் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்வது என் சித்தப்பா. வெண்ணாற்றுப் பாசனம், கடைமடைக்குக் கொஞ்சம் முன்னால். நாலு வருஷம் முன்பு ஒரு குறுவை. நட்டு இருபது நாளில் பயிர் திட்டுத் திட்டாக வெளுத்து, இலையில் துரு மாதிரிப் புள்ளி. கடைக்காரர், "யூரியா பத்தலை, இன்னொரு மூட்டை போடுங்க" என்று சொல்லியாகிவிட்டது. சித்தப்பா மூட்டையை எடுத்து வரப்பிலேயே வைத்துவிட்டார். அதற்கு முந்தின இரண்டு பட்டமும் நஷ்டம். இதுவும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம்.

நான் போய் நின்று, "சித்தப்பா, யூரியா வேண்டாம், இது துத்தநாகக் குறை மாதிரி இருக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, உரம் செய்யற கம்பெனியில சம்பளம் வாங்கிக்கிட்டு உரத்தைப் போடாதேங்கிறே? உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

இந்தக் குறை புதிதல்ல. வட இந்தியத் தராய் பகுதியில் நெல்லைத் தாக்கிய 'கைரா' என்ற நோய்க்குத் துத்தநாகப் பற்றாக்குறையே காரணம் என்று பந்த்நகரில் ஒய்.எல். நெனே 1966-ல் கண்டறிந்தார். விடாமல் தண்ணீர் தேங்குவது, களர் மண், அளவுக்கு மிஞ்சி டி.ஏ.பி. போடுவது, மூன்றும் துத்தநாகத்தைப் பயிருக்குக் கிடைக்காமல் செய்யும். எங்கள் வயலில் மூன்றும் இருந்தன. தண்ணீரை வடித்து, 0.5 சதவீத துத்தநாக சல்பேட் கரைசலை இரண்டு தடவை தெளித்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில் புது இலை பச்சையாக வந்தது. அடுத்த பட்டத்திலிருந்து நடவுக்கு முன்பே ஏக்கருக்குப் பத்து கிலோ, மணலோடு கலந்து. அந்த யூரியா மூட்டை மேலுரத்துக்கு ஆச்சு. நிலமும் கைவிட்டுப் போகவில்லை.

இப்போது கணக்கின் இன்னொரு பக்கம், வைக்கோல். இதை யாரும் உரமாக நினைப்பதில்லை. நெல்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. அறுவடை மெஷின் போனதும் கட்டு கட்டும் மெஷின் வருகிறது, வைக்கோல் லாரி ஏறிப் போகிறது. நம் 2.4 டன் கணக்குக்கு, ஒரு ஏக்கர் வைக்கோலோடு ஒரு 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் உள்ளதைவிட அதிக சாம்பல்சத்து வரப்பைத் தாண்டுகிறது. முன்னேயும் வைக்கோல் போனது, ஆனால் வீட்டுத் தொழுவத்துக்குப் போய் எருவாகத் திரும்பி வந்தது. இப்போது திரும்பி வருவதில்லை. ஆற்றுத் தண்ணீரும் களிமண்ணும் கொஞ்சம் ஈடு கட்டும், எத்தனை நாளைக்கு?

விலையும் இதற்கு ஒத்து ஊதுகிறது. 2010-ல் சத்து அடிப்படை மானியம் வந்தபோது மணி, சாம்பல் உரங்கள் அதற்குள் போயின, யூரியா வெளியே நின்றது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம், பொட்டாஷ் அதைப்போலப் பல மடங்கு. விவசாயி எதைக் கூடுதலாகப் போடுவார் என்று கேட்கவே வேண்டாம். யூரியா செய்கிறவனே சொல்கிறேன், இந்த விலை வித்தியாசம் மண்ணுக்கு நல்லதில்லை.

சேமிப்பைத் திருப்பிப் போட வழி இல்லாமல் இல்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதற்கு முன் கோடை மழையில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கும் உளுந்து, பயறு இன்னொரு வழி. அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா எங்கள் ஆலையின் வேலையைச் சாதாரண சூட்டில் சத்தமில்லாமல் செய்கிறது. அறுவடை மெஷினின் சக்கரத்தில் இளம் உளுந்து நசுங்குவதால் இந்தப் பழக்கம் குறைந்து வருகிறது. மெக்கானிக்கல் தம்பிகளே, சேற்றில் பயிரை நசுக்காத ஒரு மெஷின் செய்தால் டெல்டாவே உங்களைக் கும்பிடும். அறுத்த வயலில் கிடை போட இராமநாதபுரத்துக் கீதாரிகள் இன்னும் வருகிறார்கள். இரண்டு ராத்திரி ஆட்டுக்கிடைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

ஒரு தகவல். ஃப்ரிட்ஸ் ஹேபர் அமோனியா செய்து காட்டியது 1909-ல். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிப் பண்ணையில் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியதும் அதே 1909-ல். எதுவுமே போடாத துண்டு, தொழு உரம் மட்டும் வாங்கும் துண்டு, ஒவ்வொரு சத்தையும் தனித்தனியாக வாங்கும் துண்டு என்று நூறு வருஷத்துக்கு மேலாகத் தொடர்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை பாருங்கள்.

கடைசியாக, கையோடு எடுத்துப் போக ஒன்று. இலை வண்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு, மேலே வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, பத்துப் பயிரில் முழுசாக விரிந்த மேல் இலையை, உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலையாவது 4-ஆம் எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3 போதும், அது இயல்பிலேயே வெளிர். சித்தப்பா முதலில் சிரித்தார், இப்போது சட்டைப் பையில் வைத்திருக்கிறார், இரண்டு பட்டமாக ஏக்கருக்கு அரை மூட்டை மிச்சம். இருபது அட்டை கொண்டு வந்திருக்கிறேன், பின்னால் டீ கொடுக்கும் மேஜையில் இருக்கிறது. நிலம் உள்ளவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் இல்லாதவர்கள் டீ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.